கடன் மகனுக்கு, கணக்கு தந்தைக்கா?

கடன் வாங்குகிறவன் ஒருவன். தராசில் ஏற்றி நிறுக்கப்படுகிறவன் மற்றொருவன். இப்படியொரு வழக்கம் நம்முடைய கொடுக்கல் வாங்கலில் வேறெங்கேனும் உண்டா என்பதை வாசக அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு வருகிறவனிடம் அவனுடைய தகப்பனார் ஆண்டொன்றுக்கு ஈட்டுவதென்ன என்று எவரும் வினவுவதில்லை. கடை வைக்கக் கடன் கேட்கிறவனிடம், கடை நடக்குமா, நீ நாணயமுள்ளவனா என்றே கேட்கிறார்கள். படிப்பதற்காகக் கடன் கேட்டு வரும் இளைஞனிடம் மட்டுமே, "நீ யார்?" என்னும் கேள்விக்கு முன்பாக, "உன் வாப்பாவின் வருமானம் என்ன?" என்னும் கேள்வி எழுகின்றது.

சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் கல்வி நிதிக் குழுவின் கூட்டத்தில் இதுவே விவாதமாயிற்று. மாணவர்களுக்கு வட்டியில்லாக் கடன் வழங்கும் சிறிய நிதி அது. குழுவில் மூத்தவரும் நான் பெரிதும் மதிப்பவருமான வணிகர் ஒருவர் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4,50,000 ரூபாயைத் தாண்டுமாயின் அந்த விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே வேண்டா என்பது தீர்மானம். "அரசாங்கமே அப்படித்தான் செய்கிறது, ஹஜரத்! நாம் அதைவிட அறிவாளிகளா?" என்றார். நான் எதிர்த்துப் பேசினேன், தோற்றேன். தீர்மானம் நிறைவேறிற்று. கூட்டத்தில் தோற்றவன் பேனாவை எடுப்பதில் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

அரசாங்கம் செய்வதென்ன?

நண்பர் அரசாங்கத்தைச் சாட்சிக்கு அழைத்தார். ஆகவே அந்தச் சாட்சியையே முதலில் விசாரிப்போம்.

இந்திய வங்கிகள் சங்கம் கல்விக்கடனுக்கென ஒரு மாதிரித் திட்டத்தை 2001ஆம் ஆண்டில் வகுத்தது. கடன் பெறுவதற்குப் பெற்றோரின் வருமானம் இன்ன தொகைக்கு மேற்படலாகாது என்னும் வரம்பு அத்திட்டத்தில் இல்லை. மாணவன் படித்து முடித்தபின் ஈட்டக்கூடியதையே பொதுவாக நோக்க வேண்டும், தேவைப்பட்டால் மட்டும் பெற்றோரின் நிலைமையையும் பார்க்கலாம் என்பதே அதன் கருத்து. வருமான வரம்பு புகுந்தது பிறகு, 2009இல். தொழிற்கல்வியும் தொழில்நுட்பக் கல்வியும் பயில்வோருக்குப் படிப்புக் காலத்திலும் அதனையடுத்த ஓராண்டிலும் ஏறும் வட்டியை மைய அரசே ஏற்றுக்கொள்ளும் திட்டம் அவ்வாண்டு வந்தது. அதற்கு விதித்த எல்லைதான் நண்பர் எடுத்துக்காட்டிய 4,50,000 ரூபாய். 2024 நவம்பரில் மைய அமைச்சரவை ஒப்புக்கொண்ட வித்யாலட்சுமித் திட்டம், 8,00,000 ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பத்து மாணவர்களுக்கு, 10,00,000 ரூபாய் வரையிலான கடனில், 3 விழுக்காடு வட்டிச் சலுகை தருகிறது. அதுவும் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் பயில்வோருக்கு, ஆண்டுக்கு 1,00,000 பேர் வரை.

முழு வட்டியையும் நீக்கும் எல்லையோ 2009இல் நின்ற அதே இடத்தில்தான் 2024இலும் நின்றது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் விலைவாசி இரு மடங்குக்கும் மேலாகிவிட்டது. அன்று நடுத்தரக் குடும்பத்தை உள்ளே விட்ட கதவு, தான் நகராமலே, இன்று அதே குடும்பத்தை வெளியே நிறுத்தியிருக்கிறது. அரசாங்கம் மறந்துபோன ஓர் எண்ணை எங்கள் குழு அறிவின் சிகரமென்று எடுத்துப் போற்றிக்கொண்டது.

இனி வங்கியின் வாயிலுக்குச் செல்வோம். அங்கே பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடுகிறவரின் சம்பளச் சீட்டு எங்கே, பழைய கடன் பாக்கி உண்டா என்று துருவுகிறார்கள். மாதிரித் திட்டம் மாணவனின் எதிர்காலத்தை நோக்கச் சொல்லிற்று. நடைமுறையோ தந்தையின் கடந்த காலத்தைக் கிளறுகிறது. பெற்றோரின் கடன் மதிப்பெண் திருப்தியாக இல்லை என்பது மாணவனுக்குக் கல்விக்கடன் மறுக்கப் போதிய காரணமாகாதென்று 2020இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது இதனாலேயே.

ஆக, விந்தையைப் பாருங்கள்! வாப்பாவின் வருமானம் குறைந்தால் வங்கி தயங்குகிறது. மிகுந்தால் அரசாங்கம் விலகுகிறது. ஒரே மாணவன் ஒரே காகிதத்தை ஏந்தி இரண்டு வாயில்களில் நிற்கிறான். முதல் வாயிலில், "உன் வீட்டில் பணமில்லை, போ!" என்கிறார்கள், மறு வாயிலில், "உன் வீட்டில் பணமிருக்கிறது, போ!" என்கிறார்கள். இரு வாயில்களிலும் அவனைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை.

நான் கண்ட இருவர்

வாதம் ஒருபுறமிருக்க, என்னிடம் ஓதிய பிள்ளைகள் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவன், ஆலையொன்றில் கணக்கெழுதும் தொழிலாளியின் மகன். ஐந்து பிள்ளைகளில் மூத்தவன். வீட்டில் படுக்கையிலிருக்கும் பாட்டியும் உண்டு. தந்தையின் சம்பளம் வரம்பைச் சில ஆயிரங்களே தாண்டிற்று. அந்தச் சில ஆயிரங்களால் வட்டி மானியம் முழுவதும் போயிற்று. அதே தெருவில் இரண்டு கடைகளும் வாடகை வீடுகளும் உடையவரின் மகனுக்கு 72,000 ரூபாய் என்று வருமானச் சான்று கிடைத்தது, மானியமும் கிடைத்தது. அவரைக் குறை கூறி என்ன பயன்? மாதச் சம்பளம் வாங்குகிறவனின் வருமானம் சீட்டில் அச்சாகி வருகிறது. வணிகனின் வருமானத்தை அவனும் இறைவனுமே அறிவார்கள். வருமானச் சான்று பல வேளைகளில் வறுமையை அளப்பதில்லை. வருமானத்தை மறைக்க வழியற்றவன் யார் என்பதையே அளக்கிறது. உண்மை பேசுகிறவனைத் தண்டித்து, வாய்மை தவறியவனுக்குப் பரிசளிக்கும் அளவுகோலைப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து நாமும் கையிலெடுப்பது தகுமா?

மற்றொருத்தி பெண். எங்கள் குழு தீர்மானம் நிறைவேற்றிய மூன்றாம் வாரத்தில் என் வீட்டுக்கு அவளுடைய உம்மாவுடன் வந்தாள். நல்ல மதிப்பெண், பார்மசிப் படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. வாப்பா வெளியூரில் கடை வைத்திருப்பவர், வருமானத்துக்குக் குறைவில்லை. "ஹஜரத், வாப்பா பணமும் தரமாட்டாங்களாம், பேங்குல கையெழுத்தும் போடமாட்டாங்களாம். பொம்பளப் புள்ளைக்குப் படிச்சது போதும்னு சொல்லிட்டாங்க. நான் வேலைக்குப் போய்க் கடனைக் கட்டிடுவேன் ஹஜரத்" என்றாள். அவளுடைய விண்ணப்பத்தை நானே குழுவின் முன் வைத்தேன். வருமானம் வரம்புக்கு மேல் என்று ஒரே வரியில் திரும்பி வந்தது.

அவளுடைய தந்தையின் பணம் அவளுக்கு ஒரு கல்லூரிக் கட்டணமாகவும் மாறவில்லை. ஆனால் அதே பணம் அவளுக்கெதிரான சாட்சியாக மட்டும் மாறிவிட்டது. இன்று அவள் தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறாள். உயர்ந்த பணி, அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. எனினும் அவள் விரும்பித் தேர்ந்தெடுத்தது அதுவன்று. அவளைக் காணும்போதெல்லாம் என் கண்கள் தாமே தாழ்கின்றன. அந்தக் குழுவில் நானும் ஓர் உறுப்பினனல்லவா?

தருவாரென்னும் கற்பனை

பெற்றோரின் வருமானத்தை அளவாகக் கொள்வதன் பின்னே ஒரு கற்பனை ஒளிந்திருக்கிறது. இருப்பவர் தம் பிள்ளைக்குத் தருவார் என்பதே அது. பெரும்பாலோர் தருகிறார்கள், வயிற்றைக் கட்டியும் தருகிறார்கள். ஆனால் தராதவரைத் தரச் செய்ய எந்தச் சட்டம் இருக்கிறது? இந்தியச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் தம் பொறுப்பைத் தாமே ஏற்கும் வயதினர். 1989 முதல் 18 வயதில் வாக்களிக்கும் உரிமையும் உண்டு. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, உடல் நலமும் மன நலமும் உள்ள வயதுவந்த மகனுக்குத் தந்தை ஜீவனாம்சம் தந்தே தீர வேண்டுமென்று கூறவில்லை. சட்டம் தந்தையிடம் கேட்க மறுக்கும் ஒன்றை, அவர் தந்துவிட்டாரென்றே வைத்துக்கொண்டு படிவம் கணக்குப் போடுகிறது.

இக்கற்பனை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் பாடக் கட்டணத்துக்கான கடன் குடும்ப வருமானத்தைப் பொறுத்ததன்று. ஆனால் உணவுக்கும் உறையுளுக்குமான கடன் பெற்றோரின் வருமானம் ஏற ஏறக் குறைகிறது. குறைந்ததைப் பெற்றோர் நிரப்புவரென்று எதிர்பார்க்கிறார்கள்; நிரப்பியே ஆகவேண்டுமென்ற சட்டம் அங்கும் இல்லை.

ஷரீஅத் காட்டும் நெறி

நாம் அரசாங்கத்தைப் பார்த்து எழுதப் பழகிவிட்டோம். நம் மதரஸாக்களில் நூறு நூறு ஆண்டுகளாக ஓதிவரும் கிதாபுகளை மறந்துவிட்டோம். கடனைப் பற்றித் திருக்குர்ஆன் மிக விரிவாகப் பேசும் இடம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் பணிக்கும் அவ்வசனம், பத்திர வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யாரென்றும் விதிக்கிறது. கடன் எவர்மீது ஏறுகிறதோ அவரே சொல்ல வேண்டும். அவர் அறிவு முதிராதவராகவோ பலமற்றவராகவோ சொல்ல இயலாதவராகவோ இருந்தால் மட்டுமே அவருடைய பொறுப்பாளர் அவருக்காகப் பேசலாம். இதிலுள்ள ஒழுங்கைச் சிந்தியுங்கள். கடனாளியே முதலில், பொறுப்பாளர் விதிவிலக்கு. நம் விண்ணப்பப் படிவமோ இதனைத் தலைகீழாக்கிப் பொறுப்பாளரை முதலில் நிறுத்துகிறது. கல்லூரி செல்லும் வயதுவந்த பிள்ளையைப் பேச இயலாதவனின் வரிசையில் சேர்க்கிறது.

அடுத்து, ஜகாத்தின் சட்டத்தைக் காணுங்கள். ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான ஹிதாயாவில், ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானி ஒரு வேறுபாட்டை நிறுவுகிறார். செல்வந்தரின் சிறு குழந்தைக்கு ஜகாத் கொடுக்கலாகாது. தந்தையின் செல்வத்தால் அக்குழந்தையும் செல்வமுடையதாகவே கருதப்படும். ஆனால் அதே செல்வந்தரின் மகன் வயதுவந்து, தான் ஏழையாக இருப்பானாகில், தந்தையின் செல்வத்தைக் காட்டி அவனைச் செல்வனென்று கூறலாகாது. ஜகாத் என்பது திரும்பக் கேட்காத கொடை. கொடையிலேயே வயதுவந்தவனை அவனைக்கொண்டே அளக்க வேண்டுமென்றால், திரும்பச் செலுத்தப்போகும் கடனில் அது எத்துணை மடங்கு பொருந்தும்!

ஷாஃபிஈ அன்பர்கள் நெற்றியைச் சுருக்க வேண்டா. உறவினர் தரும் ஜீவனாம்சத்தால் தேவை நிறைவுறுகிறவன் ஏழையாகான் என்பது நம் மத்ஹபில் வலுப்பெற்ற கருத்தென்பதை அறிவேன். ஆனால் அங்கும் சொல், தேவை நிறைவுறுகிறதா என்பதே. தந்தை சம்பாதிக்கிறாரா என்பதன்று. வந்து சேராத பணம் தேவையை நிறைப்பதெப்படி? அன்றியும், கல்வியில் ஈடுபட்டவனுக்குச் சம்பாத்தியம் அக்கல்வியைத் தடுக்குமானால் அவன் ஏழையே என்று ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி மின்ஹாஜில் விதித்திருக்கிறார்கள். உரைகாரர்கள் இதனை மார்க்கக் கல்விக்கு உரியதாகக் கொண்டனர் என்பதை நான் மறைக்கவில்லை. நான் காட்ட விரும்புவது, நம் முன்னோர் கேள்வியை யாரைப் பார்த்துக் கேட்டார்கள் என்பதே. படிக்கிறவனைப் பார்த்துக் கேட்டார்கள்.

கூட்டுக் கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடன்பட்டு இறந்தவரின் ஜனாஸாவுக்குத் தொழுவிக்க அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முன்வராதிருந்தபோது, அபூகத்தாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாமே ஏற்றார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். ஏற்றார்கள், ஏற்கும்படி நிர்ப்பந்திக்கப்படவில்லை. பிணை நிற்பது பெருந்தன்மை. அதனைக் கடனுக்கே நிபந்தனையாக்கினால், பெருந்தன்மையற்ற தந்தையின் குற்றத்துக்குப் பிள்ளை தண்டனை பெறுகிறது.

எதிர்வாதங்கள்

"நிதி சிறிது; தேவை பெரிது. ஏழைக்கு முதலில் கொடுக்க வேண்டாவா?" என்கிறார் நண்பர். கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு உரியது உதவித்தொகை. திரும்பக் கேட்காத அந்தப் பணத்தைப் பங்கிடும்போது வீட்டின் நிலைமையைப் பாருங்கள், நான் தடுக்கவில்லை. அதிலும் வருமானச் சான்றைவிட நல்ல அளவுகோல்கள் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்பதையே அளவாகக் கொண்டு, வருமான வரம்பின்றித் தொழிற்கல்விக் கட்டணச் சலுகையைத் தமிழக அரசு 2010இல் தொடங்கிற்று. அரசுப் பள்ளியில் படித்தவளா என்பதை அளவாகக் கொண்டது 2022இன் புதுமைப்பெண் திட்டம். கடன் நிதியோ சுழல்கின்ற பணம். இன்று இவனுக்குப் போனது நாளை மற்றொருவனுக்காகத் திரும்பி வருகிறது. ஆகவே கடனில் முதற்கேள்வி, திருப்பித் தருவானா என்பதாகவே இருக்க முடியும்.

"வட்டியில்லாக் கடனென்றால் செல்வந்தரும் வரிசையில் நிற்பாரே, வாங்கித் தொழிலில் போடுவாரே?" என்பது அடுத்த வாதம். பணத்தை மாணவன் கையிலோ தந்தை கையிலோ தராமல் கல்லூரிக்கே செலுத்துங்கள். கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் தராதீர்கள். கட்டணமாக மட்டுமே மாறும் பணத்துக்கு, அதுவும் தன் மகனே கட்ட வேண்டிய கடனுக்கு, எத்தனை செல்வந்தர் வந்து நிற்பார்கள்?

"வட்டி மானியம் கடனன்று, கொடையன்றோ? அதில் அரசு வருமானம் பார்ப்பதில் தவறென்ன?" என்பது மூன்றாவது, இதுவே வலுவானது. கொடைதான். ஆனால் கடனாளிக்குச் செய்யும் கொடை. நம் சமுதாயத்துக்கு இது மேலும் கூர்மையான செய்தி: வரம்புக்கு ஒரு ரூபாய் இப்பால் இருப்பவனுக்குப் படிக்கும் காலத்து வட்டியின் சுமையில்லை, ஒரு ரூபாய் அப்பால் இருப்பவனுக்கு முதல் நாளிலிருந்தே வட்டி. ஹராமின் எல்லையை வட்டாட்சியர் அலுவலகச் சான்று நிர்ணயிக்கிறது! கடனாளியின் தகுதியை அளக்க வேண்டுமானால், அவன் சம்பாதிக்கத் தொடங்கியபின் அளக்கட்டும். நிறைய ஈட்டினால் நிறையக் கட்டட்டும்; குறைய ஈட்டினால் அவகாசம் பெறட்டும். அல்பகராவின் 280ஆம் வசனம், கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், முடிந்தால் கடனையே விட்டுக்கொடுக்கவும் தூண்டுகிறது. அங்கே அளக்கப்படுவது கடனாளியின் வசதி. கடன் தீர்க்கும் வேளையில் உள்ள வசதி.

நடக்கக் கூடியதா?

இது கிதாபில் மட்டும் நடப்பதென்று எண்ண வேண்டா. ஆஸ்திரேலியா 1989இல் பல்கலைக்கழக மாணவரிடம் ஆண்டுக்கு 1,800 டாலர் பங்களிப்புக் கேட்டது. கையில் பணமில்லாதவர் பிறகு கட்டலாம். அதற்குத் தந்தையின் வருமானம் கேட்கப்படவில்லை. படித்தவரின் சொந்த வருமானம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியபின் வரித்துறை மூலமாகத் தொகை பிடிக்கப்படுகிறது. எட்டாதவரை ஏதும் கேட்பதில்லை. வட்டி விகிதம் விதிக்காமல், விலைவாசிக்கேற்பக் கடன் தொகையை மாற்றும் முறையை வைத்தார்கள். அந்த ஏற்றமும் வட்டியாகுமா என்பது ஆலிம்கள் தனியே ஆராய வேண்டிய மஸ்அலா. ஆனால் பெற்றோரைக் கேளாமல் பெருந்தொகையைக் கடனாகத் தர ஒரு தேசத்தால் முடிந்திருக்கிறது. அது நின்றும் போகவில்லை. ஓர் ஊரின் கல்வி நிதிக்கு முடியாதா?

எங்கள் குழுவிடமும், இதுபோன்ற நிதிகள் நடத்தும் எல்லா ஜமாஅத்துகளிடமும் நான் கேட்பது சிறிது. உதவித்தொகைப் படிவம் வேறு, கடன் படிவம் வேறு என்று இரண்டாகப் பிரியுங்கள். கடன் படிவத்திலிருந்து தந்தையின் வருமானக் கட்டத்தை அடித்துவிடுங்கள். 18 வயது நிறைந்த மாணவனும் மாணவியும் தாமே வாசகம் சொல்லி, இரு சாட்சிகள் முன்னிலையில் தாமே கையெழுத்திடட்டும். வேலை கிடைத்தபின் அவரவர் ஈட்டுவதற்கேற்ற தவணையை அன்று பேசி முடிவு செய்யுங்கள். திருப்பித் தராதவர் சிலர் இருப்பார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அவர்களுள் வருமானச் சான்று கொடுத்தவர்களும் இருக்கிறார்கள் என்பதைக் குழுவின் பேரேடே சொல்லும்.

வரும் கூட்டத்தில் இதே தீர்மானத்தை எதிர்த்து மீண்டும் எழுந்து நிற்பேன். மீண்டும் தோற்கலாம். ஆனால் இம்முறை அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை மேசைமீது வைத்துவிட்டே பேசுவேன். அதில் அவளுடைய பெயர் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, கடனைத் தானே தீர்ப்பேனென்று அவள் எழுதிய உறுதிமொழி இருக்கிறது. நாம் படித்தது தந்தையின் வருமானம் எழுதிய ஒரு வரியை மட்டுமே. மற்ற வரிகளையும் படியுங்கள் என்று கேட்பேன்.